பாத்தேக் சாயத் தண்ணிக்கு 'வெயில் பவுடர்' வாங்கலாமா?

பினாங்கு தெலுக் பஹாங்ல வீட்டுப் பின்னாடியே பாத்தேக் (துணில மெழுகால கோடு போட்டு சாயம் பூசுற வேல) வரையுற ஒரு அக்கா கேட்டிருக்காங்க: "துணி அலசுன சாயத் தண்ணி வாரத்துக்கு நாலஞ்சு தோங் (பீப்பாய்) சேருது, லோங்காங்ல (சாக்கடைல) ஊத்துனா பக்கத்து வீட்டுக்காரங்க சத்தம் போடுறாங்க. நானோ டைட்டானியம்னு ஒரு வெள்ளப் பவுடர் ஆன்லைன்ல விக்கிறாங்க, தண்ணில போட்டு வெயில்ல வச்சா சாயங்காலத்துக்குள்ள தெளிஞ்சிடும்னு வீடியோ காட்டுறாங்க. பினாங்குல வெயிலுக்கா பஞ்சம், வாங்கலாமா?"

தோங்ல அப்படியே கொட்டுறதுக்குன்னா வாங்காதீங்கக்கா. வீடியோ பொய்யுன்னு சொல்லல. அந்தப் பவுடர், அதாவது டைட்டானியம் டைஆக்சைடு, அது மேல யூவி (புற ஊதா) வெளிச்சம் பட்டா உள்ள இருக்குற எலக்ட்ரான் கிளம்பிடும், அது விட்டுட்டுப் போன காலி எடம் தண்ணியோட சேந்து ஹைட்ராக்சில் ராடிக்கல்னு ஒண்ண உண்டாக்கும், அது எதுல மோதுனாலும் பிச்சுப் போடும், சாயத்தையும் சேத்துத்தான். 1972லயே ஜப்பான்ல ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் இதே பொருள வச்சு வெளிச்சத்துலயே தண்ணியப் பிரிக்கலாம்னு காட்டிட்டாங்க. ஆனா இந்த மாதிரி டெமோல பெரும்பாலும் சுத்தமான தண்ணி, அதுல துளியூண்டு மெத்திலீன் புளூங்குற நீலச் சாயம், அவ்ளோதான். உங்க தோங்ல இருக்குறது ரெமசோல் சாயம், அத துணில புடிக்க வச்ச சோடியம் சிலிகேட், மெழுகு எடுக்கப் போட்ட சோடா ஆஷ் எல்லாம் கலந்த குழம்பு.

இதுல பெரிய சிக்கல் வெளிச்சம்தான். டைட்டானியத்துக்கு வேணுங்குறது 388 நானோமீட்டருக்குக் கீழ இருக்குற யூவி, வெயில்ல மொத்தமே 4, 5 சதவீதம்தான் யூவி. அந்தக் கொஞ்சத்தையும் அடர் சாயமே குடிச்சிடும், கைய விட்டா விரல் தெரியாத தண்ணில மேல் படலத்துல மட்டும்தான் வேல நடக்கும், கீழ இருக்குற பவுடர் சும்மா கெடக்கும். இன்னொண்ணு, மழைக்குப் பயந்து பாலிகார்பனேட் கூரைக்கு அடியில வச்சிடாதீங்க, நம்ம ஊர்ல எல்லா வீட்லயும் இருக்கே அந்த ஷீட், அது யூவிய கிட்டத்தட்ட முழுசா தடுத்துடும், வெளிச்சம் பளிச்சுன்னு தெரியும் ஆனா ஒண்ணும் நடக்காது.

அப்புறம் சிலிகேட்டும் சோடாவும். இது ரெண்டும் தண்ணிய நல்லா காரமாக்கிடும், அதாவது அமிலத்துக்கு நேரெதிரா. பிஎச் (அமிலமா காரமான்னு காட்டுற அளவு, 7 நடு) 6, 6.5 தாண்டுனா டைட்டானியம் மேல்பரப்பு நெகட்டிவ் ஆயிடும், ரெமசோலும் நெகட்டிவ்தான், ஒண்ண ஒண்ணு தள்ளிக்கும். சோடால இருக்குற கார்பனேட் அந்த ராடிக்கல வழியிலயே புடிச்சுக்கும், சிலிகேட் பவுடர் மேலயே போய் ஒட்டிக்கும்.

சரி என்ன பண்ணலாம்? வெயில் கடைசி வேல, மொத வேல இல்ல. முதல் அலசல் தண்ணிய மட்டும் தனியா புடிங்க, சாயத்துல பெரும்பங்கு அதுலதான் போகுது, மத்த அலசலோட கலந்தா எல்லாமே கெட்டுடும். மெழுகு ஆறுனதும் மேல மெதக்கும், வழிச்செடுத்துடுங்க. பிறகு நீர்த்த சல்ஃபூரிக் அமிலத்த (கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம், நீர்க்கும்போது அமிலத்தத்தான் தண்ணில ஊத்தணும், தண்ணிய அமிலத்துல இல்ல) கொஞ்சம் கொஞ்சமா விட்டு கலக்கிக்கிட்டே பிஎச்ச 7 பக்கம் கொண்டு வாங்க, சிலிகேட் ஜெல்லி மாதிரி பிரிஞ்சு வரும், பயப்படாதீங்க, அது நல்லதுதான். வினிகர் வேணாம், அது சிஓடிய (தண்ணில இருக்குற கரிமக் கழிவோட அளவு) ஏத்திவிடும். அடுத்து பிஏசி, அதாவது பாலி அலுமினியம் குளோரைடு, நீச்சல் குளத்துக்குக் கூட போடுவாங்களே அதுதான். ரெமசோல் தண்ணில நல்லா கரையுற சாயம், வெறும் படிகாரத்துக்கு லேசுல அடங்காது, அதனால நாலு கிளாஸ்ல வேற வேற அளவு போட்டுப் பாத்து எது நல்லா படியுதோ அத எடுத்துக்கோங்க. அடியில தங்குற சேற லோங்காங்ல தள்ளாதீங்க, லைசன்ஸ் உள்ளவங்ககிட்டதான் குடுக்கணும்.

மிச்சமிருக்குற லேசான கலருக்குத்தான் டைட்டானியம், அதுவும் பவுடரா இல்லாம டைல் மேலயோ கண்ணாடி மேலயோ பூசுனது. நானோ பவுடர் சீக்கிரம் படியாது, துணில வடிகட்டவும் முடியாது, கடைசில கடலுக்குத்தான் போகும். அகலமான தட்டுல அஞ்சு சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல போகாம தண்ணிய விட்டு, மீன் தொட்டி பம்ப்ல காத்து குடுத்தா ஆக்சிஜனும் கெடைக்கும்.

கலர் போயிட்டா சுத்தம்னும் நெனைக்காதீங்க. சாய மூலக்கூறு உடைஞ்ச துண்டுங்க கலரே இல்லாம தண்ணிலயே இருக்கும். மலேசியாவோட 2009 தொழிற்சாலைக் கழிவுநீர் விதியில ஸ்டாண்டர்ட் பி-க்கு கலர் 200 ஏடிஎம்ஐ (கலர அளக்குற அலகு), ஜவுளிக்கு சிஓடி லிட்டருக்கு 250 மில்லிகிராம், குடிதண்ணி எடுக்குற எடத்துக்கு மேல்பக்கம்னா ஸ்டாண்டர்ட் ஏ, அது 100ம் 80ம். வீட்டுப் பட்டறைக்கு எப்படின்னு ஜேஏஎஸ்ல (சுற்றுச்சூழல் துறை) கேட்டுக்கோங்க.

அதுக்கப்புறமும் கொஞ்சம் வாங்கி சோதிச்சுப் பாக்கணும்னா மூணு பாட்டில் எடுங்க: பவுடர் போட்டு வெயில்ல ஒண்ணு, பவுடர் போட்டு அலுமினியம் ஃபாயில் சுத்தி ஒண்ணு, பவுடர் இல்லாம வெயில்ல ஒண்ணு. ஃபாயில் பாட்டிலும் அதே அளவு வெளுத்தா சாயம் பவுடர்ல சும்மா ஒட்டிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், உடையல. பவுடர் பாக்கெட்ட பிரிக்கும்போது என்95 மாஸ்க் போட்டுக்கோங்க, இந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.