ஃபுட்பால் ரவுடிகள் கதையா? முதலில் ஸ்கார்ஃபைக் கழற்றுங்கள்

கேள்வி: 1980-களின் லண்டனில் நடக்கும் குறும்படத்துக்குத் திரைக்கதை எழுதுகிறேன். வெளிநாட்டு மாணவன் ஒருவன் கால்பந்து ரவுடிக் கும்பலில் சேர்கிறான். 'கிரீன் ஸ்ட்ரீட்' படம்தான் முன்மாதிரி. படித்துப் பார்த்த நண்பர் நம்பும்படி இல்லை என்கிறார். எதைத் திருத்துவது?

பதில்: முன்மாதிரியை. 2005-இல் வந்த அந்தப் படத்தில் கிழக்கு லண்டன்காரராக நடித்த சார்லி ஹன்னம் நியூகாசிலைச் சேர்ந்தவர். அவருடைய பேச்சு வழக்கை இங்கிலாந்து ரசிகர்கள் இன்றும் கிண்டல் செய்கிறார்கள். அதுகூடப் போகட்டும். அமெரிக்காவிலிருந்து வந்திறங்கும் எலைஜா வுட் அதற்குள் கும்பலின் நம்பிக்கைக்குரிய ஆளாகிவிடுகிறாரே, அங்கேதான் படம் சறுக்குகிறது. 'ஃபர்ம்' எனப்பட்ட இந்தக் கும்பல்களில் பெரும்பாலும் ஒரே பேட்டையில் சேர்ந்து வளர்ந்தவர்கள்தான் இருப்பார்கள். புது முகத்தைக் கண்டால் போலீஸோ என்றுதான் முதலில் தோன்றும். 1980-களின் நடுவில் போலீஸ் நிஜமாகவே மாறுவேடத்தில் ஆட்களை உள்ளே அனுப்பியது. அதை நம்பிப் போட்ட வழக்குகள் சில பிறகு நீதிமன்றத்தில் கவிழ்ந்தன. உங்கள் மாணவன்மீது அந்தச் சந்தேகம் கடைசிவரை இருக்கட்டும். கதையே அதில்தான் இருக்கிறது.

அப்புறம் உடை. கிளப் நிற ஸ்கார்ஃப் போட்டால் போலீஸ் கண்ணில் பட்டுவிடும். அதனால் ஃபிலா, செர்ஜியோ டக்கினி, லகோஸ்ட், அடிடாஸ் ஷூ என்று விலை உயர்ந்ததாகப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். ரசிகர்களுக்கென விட்ட சிறப்பு ரயில்களில் போலீஸ் காவல் இருக்கும் என்பதால் வழக்கமான இன்டர்சிட்டி ரயிலில் போனார்கள். கிழக்கு லண்டன் கிளப்பான வெஸ்ட் ஹாமின் கும்பலுக்கு 'இன்டர் சிட்டி ஃபர்ம்' என்ற பெயர் வந்ததே அப்படித்தான்.

எல்லோரையும் வேலையில்லாதவர்களாகக் காட்டாதீர்கள். ஆலன் கிளார்க் 1989-இல் பிபிசிக்கு எடுத்த 'தி ஃபர்ம்' படத்தில் கேரி ஓல்ட்மேன் வீடு விற்கும் ஏஜென்ட். மனைவி, கைக்குழந்தை உண்டு. பார்க்க வேண்டியது அதைத்தான்.

சண்டையைச் சுருக்குங்கள். ஸ்லோ மோஷன் வேண்டவே வேண்டாம். பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். பப்பில் காத்திருப்பது, வதந்தி, தப்பான ஸ்டேஷனில் இறங்குவது, இதிலேயே நாள் போய்விடும். செல்போன் இல்லாத காலம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஆண்டையும் முடிவு செய்துகொள்ளுங்கள். 1985 மே 29 அன்று பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்கள் செய்த கலவரத்தில் 39 பேர் இறந்தபின், இங்கிலாந்து கிளப்புகள் 1990 வரை ஐரோப்பியப் போட்டிகளில் ஆட முடியவில்லை. தடை கிளப்புகளுக்குத்தான், நாட்டு அணிக்கு அல்ல. எனவே 1987-இல் கிளப் போட்டிக்காக இத்தாலி போகும் காட்சி இருந்தால் வெட்டிவிடுங்கள். 1988-இல் யூரோ கோப்பைக்கு மேற்கு ஜெர்மனி போவதாக வைத்துக்கொள்ளலாம், சரியாக இருக்கும்.