மகளுக்கு ஆதிரை என்று பெயர் வைக்கலாமா?

கொழும்பில் பிறந்த உங்கள் மகளுக்கு ஆதிரை என்று பெயர் சூட்ட விரும்புவதாகவும், குழந்தை உரோகிணி நட்சத்திரத்தில் பிறந்ததால் வீட்டுப் பெரியவர்கள் தயங்குவதாகவும் எழுதி, பெயரின் பொருளையும் தோற்றத்தையும் இன்றைய வழக்கையும் கேட்டிருக்கிறீர்கள். என் அக்காவின் மகளுக்கும் இதே பெயர்தான் என்பதால், எங்கள் வீட்டு அனுபவத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். தயங்காமல் வையுங்கள் என்பதே என் பதில்.

ஆதிரை, இருபத்தேழு நட்சத்திரங்களுள் ஆறாவதான திருவாதிரையின் பெயர். வடமொழியில் அதனை ஆர்த்ரா என்பர். ஈரமானது, குளிர்ந்தது என்பது பொருள். தமிழில் இப்பெயர் மிகப் பழையது. மார்கழி ஆதிரை நாளையொட்டிக் கன்னியர் வைகையில் நீராடிய நோன்பைப் பரிபாடல் பாடுகிறது. சிவனுக்குரிய நாளாதலால் ஆதிரையான் என்று அவனையே அழைத்தனர். இராமானுசர் பிறந்ததும் சித்திரைத் திருவாதிரையில்தான் என்பதால் வைணவர்க்கும் இந்நாள் உரியது. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரத்தில் திருவெம்பாவைக் காலத்தின் நிறைவில் விடியுமுன் நடக்கும் ஆருத்திரா தரிசனத்தை நீங்கள் கண்டிருந்தால், இந்தப் பெயரோடு சேர்ந்து வரும் மணியோசையும் திருநீற்று வாசனையும் உங்களுக்குப் புதிதாக இரா.

வானத்திலும் அதைக் காணலாம். ஓரியன் விண்மீன் கூட்டத்தின் தோளில் செந்நிறமாக ஒளிரும் பெரிய விண்மீனே அது. அது வானில் கடக்கும் பாதையும் கொழும்பின் அகலக்கோடும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால், மார்கழி தொடங்கும் நாள்களில் நள்ளிரவையொட்டி அது நம் தலைக்கு நேர் மேலே வந்து நிற்கும். நகரத்து வெளிச்சத்தையும் மீறித் தெரியும். முகில் இல்லாத இரவொன்றில் மொட்டைமாடிக்கு ஏறினாலே போதும்.

ஆயினும் இப்பெயரை நான் விரும்புவதற்கு முதற்காரணம் நட்சத்திரமன்று, மணிமேகலைக் காப்பியத்தில் வரும் ஆதிரை என்ற பெண். அவள் கணவன் சாதுவன் கணிகையிடமும் சூதிலும் பொருளைத் தொலைத்து, பின்பு வருந்தி வாணிகத்துக்காகக் கடலேறுகிறான். கப்பல் உடைந்து அவன் இறந்தான் என்று தப்பிவந்தோர் சொல்ல, ஆதிரை தீ வளர்த்து அதில் இறங்குகிறாள். தீ அவளைச் சுடவில்லை. கணவன் உயிரோடிருக்கிறான் என்று வானிலிருந்து அசரீரி ஒலிக்கிறது. அவன் நாகர் வாழும் தீவில் கரையேறிப் பிழைத்துத் திரும்பி வருகிறான். பின்னாளில் மணிமேகலை அமுதசுரபியோடு புகாருக்கு வந்து, இதில் முதற்பிச்சை யார் கையால் பெறுவது என்று தேடும்போது, தீராப் பசியால் துன்புற்ற காயசண்டிகை காட்டுவது ஆதிரையின் வாசலைத்தான். உலகமெங்கும் பசிப்பிணி நீங்குக என்று சொல்லி அவள் இட்ட சோற்றிலிருந்தே அந்தப் பாத்திரம் வற்றாமல் சுரக்கத் தொடங்குகிறது. அமுதசுரபி கிடைத்த மணிபல்லவத்தை நயினாதீவு என்றே ஆய்வாளர் பலர் கொள்கின்றனர். நாகபூசணி அம்மன் கோயிலின் அன்னதான மண்டபத்துக்கும் அமுதசுரபி என்றுதான் பெயர். பௌத்தக் காப்பியத்தில் வரும் இந்தப் பெண், சைவத்தின் திருநாளைப் பெயராகக் கொண்டிருக்கிறாள். நம் நாட்டில் வளரப்போகும் பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை.

நட்சத்திர எழுத்தைப் பற்றிய தயக்கத்துக்கு வருகிறேன். பஞ்சாங்கப்படி உரோகிணிக்கு ஓ, வ, வி, வு என்பவை உரியன. திருவாதிரையில் பிறந்த பிள்ளைக்கும் கு, க, ங, ச என்றே வரும். எழுத்து முறையைப் பார்த்தால் அவளுக்கும் ஆதிரை என்ற பெயர் அமையாது. எங்கள் வீட்டில் எழுத்துக்குப் பொருந்திய ஒரு பெயரை முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவில் குழந்தையின் காதில் ஓதிவிட்டு, பதிவுக்கு ஆதிரை என்று கொடுத்தோம். அம்மம்மாவுக்கும் மனம் நிறைந்தது.

வழக்கைப் பொறுத்தவரை, கேரளத்தில் ஆதிரா என்ற வடிவம் மிகவும் பரவலானது. ஷா, ஜா, ஷிகா என்று முடியும் பெயர்கள் நிறைந்த கொழும்பு வகுப்பறைகளில் ஆதிரை அவ்வளவாகக் காதில் விழுவதில்லை. ஆனால் கேட்டவர் எவரும் விளங்காமல் விழிப்பதுமில்லை.

ஒரு காரியத்தில் மட்டும் கவனம் வேண்டும். அடையாள அட்டையில் சிங்களத்திலும் பெயர் வரும். சிங்களத்தில் தமிழ் என்பதன் தகரத்துக்கு ஓர் எழுத்தும் தானம் என்பதன் தகரத்துக்கு வேறோர் எழுத்தும் இருப்பதால், இரண்டாவதையே எழுதச் சொல்லுங்கள். இல்லையேல் ஆத்திரை என்று வாசிப்பார்கள். ஆங்கிலத்தில் முதலில் இரண்டு ஏ போடாவிட்டால் அதிரை என்று குறுகிவிடும். மூன்று மொழி எழுத்துகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டே பதிவாளரிடம் போங்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் எப்படி விழுகிறதோ அப்படியேதான் பாடசாலை அனுமதிக்கும் கடவுச்சீட்டுக்கும் போகும்.