2 அங்குலத்துக்கு மேல் லிஃப்ட் செய்த (உயர்த்திய) பிக்கப்பில் முன்பக்க மேல் கண்ட்ரோல் ஆர்மையும் (சக்கரப் பகுதியைச் சேஸிஸுடன் இணைக்கும் மேல் கை) மாற்ற வேண்டுமா?

முன்சக்கரங்கள் தனித்தனியே அசையும் சஸ்பென்ஷன் என்றால், பெரும்பாலும் ஆமாம். 2 அங்குலத்துக்குள் என்றால் முதலில் அலைன்மென்ட் பாருங்கள். கேஸ்டர் (ஸ்டியரிங் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம்) சரியாகக் கிடைத்துவிட்டால் காசு மிச்சம்.

ஆர்ம் மாற்றுவதால் வண்டி உயராது. உயர்த்தியதால் கெட்ட கோணத்தைச் சரிசெய்வதுதான் அதன் வேலை. லிஃப்ட் செய்ததும் ஆர்ம் கீழ்நோக்கிச் சாய்கிறது. சக்கரம் முழுதாகத் தொங்கும்போது பால் ஜாயிண்ட் (ஆர்மின் முனையில் உள்ள உருண்டை மூட்டு) எல்லையில் முட்டும், ஆர்ம் ஸ்பிரிங்கில் இடிக்கும். கேஸ்டரும் குறைவதால் வேகத்தில் ஸ்டியரிங் அலையும். நல்ல ஆர்மில் பால் ஜாயிண்ட் சற்றுப் பின்னால் தள்ளி, புதிய சாய்வுக்கேற்ற கோணத்தில் இருக்கும்.

பால் ஜாயிண்டுக்குப் பதில் வரும் யூனிபால் (பூட் எனும் ரப்பர் உறை இல்லாத உலோக உருண்டை மூட்டு) அதிகம் திரும்பும். ஆனால் சேறும் தண்ணீரும் புகுந்தால் சீக்கிரம் கடகடக்கும். தினமும் ஓட்டும் வண்டிக்கு ரப்பர் பூட் போட்ட பால் ஜாயிண்டே என் தேர்வு. ஆர்ம் சேஸிஸில் சேரும் இடத்தில் உள்ள புஷ் (மெத்தை வளையம்) பாலியூரித்தேன் என்றால் கிரீஸ் நிப்பிள் இருக்கிறதா பாருங்கள். கிரீஸ் காய்ந்தால் கிரீச்சிடும்.

மாட்டும்போது சேஸிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, கீழ் ஆர்முக்கு ஜாக்கி கொடுங்கள். ஏபிஎஸ் வயரையும் பிரேக் ஹோஸ் கிளிப்பையும் கழற்றுங்கள். பால் ஜாயிண்ட் நட்டை முழுதும் எடுக்காமல் சில மரை தளர்த்தி, நக்கிளின் (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) பக்கவாட்டில் சுத்தியலால் தட்டினால் விடுபடும். ஜாயிண்டைப் பிரிக்கும் ஃபோர்க் கருவியை நுழைத்தால் பூட் கிழியும். பிறகு நக்கிளைக் கயிற்றால் கட்டிவையுங்கள். இல்லையேல் அது வெளியே சாய்ந்து பிரேக் ஹோஸும் ஆக்ஸிலும் இழுபடும். டொயோட்டா டகோமா, 4ரன்னரில் ஆர்ம் போல்ட் நீளமானது. உள் ஃபெண்டர் தகட்டைக் கொஞ்சம் மடக்காமல் வெளியே வராது.

பலர் கெடுப்பது இந்த இடத்தில்தான்: ரப்பர் புஷ் உள்ள ஆர்மைச் சக்கரம் தொங்கும்போதே இறுக்கிவிடுகிறார்கள். அந்த ரப்பர் சுழலாது, முறுகும். வண்டி தரையில் இறங்கியதும் எப்போதும் முறுகியே நின்று சீக்கிரம் கிழியும். எனவே வண்டியின் எடை சக்கரத்தில் ஏறிய பிறகே, ஆர்ம் தயாரிப்பாளர் தந்த அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். காட்டர் பின் (நட் கழலாமல் தடுக்கும் கம்பி) துளை பொருந்தாவிட்டால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டுமே தவிர, தளர்த்தக் கூடாது.

ஸ்டியரிங்கை இருபுறமும் முழுதாகத் திருப்பி, ஹோஸும் வயரும் எங்காவது இழுக்கிறதா பாருங்கள். அன்றே அலைன்மென்ட்: கேஸ்டர் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாக, 3 முதல் 4 டிகிரி வரை கேளுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் மறுபடி சோதியுங்கள்.