பந்து பிடிக்க 40 மில்லியனா?

கேள்வி: அமெரிக்கக் காற்பந்தில் வைட் ரிசீவருக்கு (ஓடிப்போய்ப் பந்து பிடிப்பவர்) ஆண்டுக்கு 40 மில்லியன் டாலர் தருகிறார்களே, தகுமா? (வாசகர், பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: பாதி தகும். 2025-இல் ஓர் அணியின் மொத்தச் சம்பள உச்சவரம்பே 279.2 மில்லியன்தான். அதில் ஏழில் ஒரு பங்கு ஒருவருக்கே போனால் தற்காப்புக்கு ஆள் வாங்கக் கை கடிக்கும். 2024-இல் சின்சினாட்டி அணியின் ரிசீவர் ஜமார் சேஸ் 127 பந்துகள் பிடித்தார். 1,708 யார்டு முன்னேற்றம், 17 டச்டவுன் (எதிரணியின் கடைசி எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பது). மூன்றிலும் லீக்கில் அவரே முதல். அணியோ 9 வெற்றி, 8 தோல்வி; பிளேஆஃப் எனும் நாக்அவுட் சுற்றின் வாசலைக்கூட மிதிக்கவில்லை. 2022-இல் நட்சத்திர ரிசீவர் டைரீக் ஹில்லை மயாமிக்குக் கொடுத்துவிட்ட கேன்சஸ் சிட்டி, அடுத்த இரண்டு சூப்பர் போல் இறுதிப் போட்டிகளையும் வென்றது. (அவர்களிடம் இருக்கும் மஹோம்ஸ் மாதிரி, பந்தை எறியும் குவாட்டர்பேக் இருந்தால் யாரையும் விற்கலாம், அது வேறு கதை!)

குவாட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசை இரண்டரை விநாடி தாங்காவிட்டால் ரிசீவர் ஓடியும் வீண். ஆனாலும் பிடித்த பந்தை மட்டும் எண்ணாதீர்கள். ஆட்டம் தொடங்குமுன் எதிரணித் தற்காப்பில் கடைசியாகப் பின்னால் நிற்கும் சேஃப்டியைப் பாருங்கள். அவர் ஒரு ரிசீவர் பக்கமே சாய்ந்தால், அந்த ரிசீவருக்கு இருவர் காவல். நடுவில் டைட் எண்டுக்கு (முன்வரிசை ஓரத்தில் நின்று பந்தும் பிடிப்பவர்) வழி திறக்கும். புள்ளிவிவரத்தில் இது ஏறாது. சூப்பர் போல் மலேசியாவில் நமக்குத் திங்கள் காலை 7.30-க்கு, ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே கவனிக்கலாம்.