சிங்கப்பூர் இமிக்ரேஷனில் என்ன கேட்பார்கள்?

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்க முதல் தடவையாகத் தனியாகப் போகிறேன். விசா வந்துவிட்டது. இங்கிலீஷ் அவ்வளவாக வராது, இமிக்ரேஷனை நினைத்தால் பயமாக இருக்கிறது.
- காரைக்குடி வாசகி

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று, புரியவில்லை என்றால் "தமிழ்" என்று தயங்காமல் சொல்லுங்கள். பெரும்பாலும் கேட்பது எதற்கு வந்தீர்கள், யார் வீட்டில் தங்குவீர்கள், எப்போது திரும்புவீர்கள், அவ்வளவுதான். விசா விண்ணப்பத்தில் என்ன எழுதினீர்களோ அதையே சொல்லுங்கள். யாராவது "ஹோட்டல் என்று சொல்லிடுங்க, சுலபம்" என்றால் கேட்காதீர்கள், பொய்யில்தான் சிக்கலே வரும். மகளின் முகவரி, போன் நம்பர், திரும்பும் டிக்கெட் மூன்றையும் காகிதத்தில் வைத்துக்கொள்ளுங்கள், போனில் சார்ஜ் தீர்ந்துபோனால் கை கொடுக்கும்.

அப்புறம் எஸ்ஜி அரைவல் கார்டு, அதாவது சிங்கப்பூருக்குள் நுழைவதற்கு முன் இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகைப் படிவம். போய்ச் சேரும் நாளையும் சேர்த்து 3 நாளுக்குள் அரசு இணையதளத்தில் மகளையே நிரப்பச் சொல்லுங்கள். இது இலவசம், பணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். பாஸ்போர்ட் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும். விசாவில் இருக்கும் கடைசித் தேதி வரை தங்கலாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். எத்தனை நாள் என்பதை அங்கேதான் முடிவு செய்வார்கள், அது மின்னஞ்சலில் வரும், மகள் அதைப் பார்த்துவிட வேண்டும்.

வெற்றிலை போடும் பழக்கம் இருந்தால் புகையிலையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், மெல்லும் புகையிலைக்கு அங்கே தடை. தனியறைக்குக் கூப்பிட்டாலும் கலங்க வேண்டாம், மகளுக்குப் போன் போட்டுச் சரிபார்க்கும்படி அதிகாரியிடம் சொல்லுங்கள்.