புது மாடு வந்தால் 30 நாள்: கால்நடை மருத்துவர் பதில்கள்

சேலம் மாவட்டத்தில் கால்நடை மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வெளிநாட்டு மாட்டுக்கு எதற்கு இத்தனை கட்டுப்பாடு என்று பலரும் கேட்டிருந்தீர்கள். வந்த கேள்விகளில் சில, கேட்டவர் ஊர்ப் பெயரோடு.

வாழப்பாடி: சார், நாலு பேர் சேர்ந்து வெளிநாட்டிலிருந்து எச்.எப். (ஹோல்ஸ்டீன் பிரீசியன் கறவை இனம்) சினைக் கிடாரி நேரடியாக இறக்கலாமா?

நினைத்த மாத்திரத்தில் முடியாது தம்பி. 1898-லேயே கால்நடை இறக்குமதிச் சட்டம் வந்துவிட்டது. மத்திய அரசின் அனுமதி வேண்டும். புறப்படும் நாட்டின் அரசு மருத்துவர் சோதித்துச் சான்று தர வேண்டும். தனிமைப்படுத்தும் நிலையம் உள்ள ஊர் வழியாகத்தான் இறக்க முடியும். நமக்குப் பக்கம் சென்னையும் பெங்களூரும். அங்கே மறுபடி ரத்தப் பரிசோதனை, தனிக் கொட்டகை வாசம். தீவனச் செலவு உங்களுடையது. நல்ல இனம்தான் வேண்டும் என்றால், உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டுக்கொள்ளுங்கள். அது போதும்.

ஆத்தூர்: மாடு பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு 30 நாள் தனியாகக் கட்ட வேண்டும்?

நன்றாக இருக்கும்போதுதான் ஆபத்து. கோமாரி என்பது வாயிலும் காலிலும் புண் வரும் நோய். அந்தக் கிருமி உள்ளே போய் 2 முதல் 14 நாளில்தான் வெளியே தெரியும். உடம்பெல்லாம் கட்டி கிளம்பும் தோல் கழலைக்கு 28 நாள் கணக்கு வைக்கிறார்கள். அந்தத் தோல் கழலை 2019-க்கு முன்பு இந்தியாவில் கிடையாது. வந்த மூன்றே வருடத்தில் குஜராத்திலும் ராஜஸ்தானிலும் மாடுகளை வாரிக்கொண்டு போனது. சினை கலைய வைக்கும் கன்று வீச்சு நோய்க்கோ, கன்று வீசும்வரை பெரும்பாலும் வெளியில் அடையாளம் தெரியாது, ரத்தத்தில் பார்த்தால்தான் உண்டு.

ஏற்காடு: எஸ்டேட்டில் எருவுக்காக இரண்டு மாடு. மலைக்கு என்ன வந்துவிடப் போகிறது?

நீங்கள் மலையில் இருப்பதால்தான் எனக்குக் கவலை அதிகம். காட்டெருமையும் உங்கள் மாடும் ஒரே புல்லை மேய்கின்றன. 1968-ல் முதுமலைக் காட்டெருமைகளை வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட்) அழித்ததை எங்கள் துறையில் யாரும் மறக்கவில்லை. அந்த நோயை உலகத்தை விட்டே ஒழித்ததாக அறிவிக்க 2011 ஆயிற்று. உங்கள் மாடுகளுக்குக் கோமாரித் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள்.

ஓமலூர்: கர்நாடகாவிலிருந்து வியாபாரி ஒருவர் லாரியில் கொண்டுவந்த பசுவை முந்தாநாள் வாங்கினேன். ஐந்து மாட்டோடு கட்டிவிட்டேன். தப்பா ஐயா?

இன்றே பிரித்துக் கட்டுங்கள். துறைமுகத்துக்குக் காவல் இருக்கிறது, உங்கள் கொட்டாய்க்கு நீங்கள்தான் காவல். என் அப்பா சந்தையிலிருந்து ஒரு பசு பிடித்து வந்து பழைய மாடுகளோடு ஒரே தொட்டியில் தண்ணி காட்டினார். ஒன்பதாம் நாள் காலையில் கறவைப் பசு சப்புக் கொட்டிக்கொண்டே நின்றது; வாயோரம் நூல் நூலாக எச்சில். முன்னங்காலை ஊன்ற முடியாமல் உதறியது. கன்றுக்குட்டி அந்தப் பாலைக் குடித்துவிட்டு மறுநாள் விழுந்து செத்தது. அது இன்னும் கண்ணில் நிற்கிறது.

புதுப் பசுவுக்குத் தனி வாளி, தனித் தீவனம், ஒரு மாதம். பழைய மாடுகளை முதலில் கறந்துவிட்டு, புதியதைக் கடைசியில் கறங்கள். அதோடு வந்த பழைய தலைக்கயிற்றை எரித்துவிடுங்கள், எச்சில் ஊறியது அதில்தான். கொட்டாய் வாசலில் 10 லிட்டர் தண்ணீருக்கு 400 கிராம் சலவைச் சோடா கரைத்து, அதில் கால் நனைத்துவிட்டு உள்ளே போங்கள். அப்புறம், காதுத் தோட்டில் 12 இலக்க எண் இருக்கும். மருந்தகத்தில் அதைக் காட்டினால் கடைசியாக எப்போது கோமாரி ஊசி போட்டது என்று பார்த்துச் சொல்வார்கள்.

ஓமலூர்: எச்சில் ஒழுகினால் நாட்டு மருந்து போட்டுப் பார்க்கலாமா?

வாய்ப்புண்ணுக்குப் போடுங்கள், தடை இல்லை. ஆனால் முதல் வேலை மருந்தகத்துக்குத் தகவல். 2009-ல் வந்த கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி, நோயைத் தெரிவிப்பது மாடு வைத்திருப்பவர் கடமை. சொன்னால் மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயப்படாதீர்கள். பக்கத்து ஊர் மாடுகளுக்கு ஊசி போட வருவார்கள். நோய் ஆறும்வரை அந்த மாட்டைச் சந்தைக்கு மட்டும் ஓட்டிப் போகாதீர்கள்.