காம்பில்லாத மாலை – கடிதம்

அன்புள்ள சார்,

நான் நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறேன். கிழக்கிந்தியக் கும்பினியார் சென்னைக்காக அடித்த இருபது காசு நாணயத்தைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்த அடுத்த வாரமே இங்கே ஒரு கராஜ் சேலில் பழைய பொத்தான் டப்பா ஒன்று வாங்கினேன். அதன் அடியில் ஒரு பெரிய செம்புக்காசு கிடந்தது. முன்பக்கம் கூந்தலை ரிப்பனால் கட்டிய ஒரு பெண், கீழே 1802. பின்பக்கம் ஓர் இலைமாலை, நடுவில் ‘ஒன் சென்ட்’, அடியில் 1/100. படங்கள் இணைத்திருக்கிறேன்.

அம்மா இப்போது எங்களோடு இருக்கிறார். புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார். நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன். இணையத்தில் தேடினால் விலை மட்டும்தான் வருகிறது. அதுவும் ஒரே வருடத்துக் காசுக்கு ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள். விலை எனக்கு முக்கியமில்லை. இதைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும், எங்கே தொடங்குவது? இன்னும் நாலைந்து காசு வாங்கிச் சேர்க்கலாமா?

செந்தில்
எடிசன்

அன்புள்ள செந்தில்,

முதலில் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், புளி வேண்டாம். எலுமிச்சை, சாம்பல், கடையில் விற்கும் பாத்திரப் பொடி எதுவும் வேண்டாம். குத்துவிளக்கையும் செம்புக்குடத்தையும் வாராவாரம் விளக்கிப் பழகிய கை அப்படித்தான் பரபரக்கும். ஆனால் அந்தக் காசின் மேலிருக்கும் பழுப்பு அழுக்கு அல்ல. 220 வருடம் காற்றும் கையும் பட்டு, செம்பு தானே போர்த்திக்கொண்ட தோல் அது. ஒருமுறை உரித்தால் திரும்ப வராது. பச்சைக் களிம்பு மட்டும் வேறு கதை. அது செம்பைத் தின்னும். அதை எடுக்கப் பழகியவர்கள் இருக்கிறார்கள், நீங்கள் முதல் காசிலேயே அதில் இறங்கவேண்டாம்.

நாலு வருடம் முன்பு மகள் வீட்டுக்கு வந்திருந்தபோது ஒரு நாணயக் கண்காட்சியில் 1798 சென்ட் ஒன்று வாங்கினேன். இளஞ்சிவப்புச் சாயலோடு, புதுசுபோல இருந்தது. விற்றவர் ‘அசல் நிறம்’ என்றார். வீட்டுக்கு வந்து ஜன்னலோரம் வைத்துப் பார்த்தபோது எழுத்துகளின் இடுக்குகளில் ஒரு நிறமும் பரப்பில் ஒரு நிறமும் தெரிந்தன. தேய்த்துவிட்டு மருந்து போட்டு நிறமேற்றிய காசு. பெண்ணின் கன்னத்தில் நூல்போல நூறு கீறல்கள், எல்லாம் ஒரே திசையில். பணம் போனதைவிட அந்தக் கன்னத்தைப் பார்க்கத்தான் மனம் வலித்தது. உங்கள் படத்தில் இருப்பது அப்படியில்லை. தேய்ந்திருக்கிறது, விளிம்பில் ஒரு அடி பட்டிருக்கிறது, ஆனால் முகம் முழுதும் ஒரே பழுப்பு. நல்ல காசு.

இப்போது அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். மாலையின் இரண்டு கிளைகளும் அடியில் ஒரு ரிப்பன் முடிச்சில் சேர்கின்றன. வழக்கமாக முடிச்சுக்குக் கீழே இரண்டு பக்கமும் சின்னக் காம்பு நீட்டிக்கொண்டிருக்கும். உங்கள் காசில் இல்லை. தேய்ந்து போனதாகத் தெரியவில்லை, பக்கத்திலிருக்கும் ரிப்பன் நுனி நன்றாகவே தெரிகிறதே. காசில் உருவத்தைப் பதிக்கும் எஃகு அச்சை வெட்டியவர் காம்பு போடாமலே விட்டுவிட்டார். ‘காம்பில்லாத மாலை’ என்று சேகரிப்பவர்கள் இதற்கென்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

இது எப்படி நடக்கும் என்று கேட்டால், அங்கேதான் இந்தக் காசுகளின் கதையே இருக்கிறது. 1792 ஏப்ரலில் சட்டம் இயற்றி ஃபிலடெல்ஃபியாவில் அமெரிக்க நாணயசாலையைத் தொடங்கினார்கள். செம்பு சென்ட்டும் அரை சென்ட்டும் 1793இல் வெளிவந்தன. முதல் சென்ட்டின் பின்பக்கம் 15 மாநிலங்களுக்கு 15 வளையம் கொண்ட ஒரு சங்கிலி. ஒற்றுமையைக் காட்டத்தான் போட்டார்கள். சங்கிலி சுதந்திரத்துக்கு அபசகுனம், முன்பக்கத்தில் இருக்கும் சுதந்திர தேவியே மிரண்டுபோய் நிற்கிறாள் என்று அன்றைய பத்திரிகை எழுதியது. 36,103 காசு அடித்ததோடு அந்தச் சங்கிலியை எடுத்துவிட்டு மாலையைப் போட்டார்கள். அதே வருடம் ஊரில் மஞ்சள் காய்ச்சல். அடுத்த சென்ட்டுக்குத் கோலில் மாட்டிய தொப்பியோடு இருக்கும் சுதந்திர தேவியை வெட்டிய ஜோசப் ரைட் அதில் இறந்துபோனார்.

பெண்ணின் தலையை அச்சில் பதிக்க ஒரு மூல முத்திரை உண்டு. மற்றபடி எழுத்து, வருடம், பின்னம் எல்லாம் ஒவ்வொன்றாகக் கையால் அச்சில் அடிக்கவேண்டும். காம்பும் மாலையிலுள்ள பழங்களும்கூடக் கைவேலைதான். எஃகு அச்சு சீக்கிரம் விண்டுபோகும், உடனே இன்னொன்று வெட்டவேண்டும். ஆகவே எந்த இரண்டு அச்சும் ஒன்றுபோல் இருக்காது. 1801இல் ஒரு அச்சில் மூன்று தவறுகள். ‘யுனைடெட்’ என்ற சொல்லின் முதல் எழுத்து இரண்டு கோல்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதுபோல் இருக்கும், மாலையின் இடப்பக்கக் காம்பு இல்லை, பின்னத்தில் 1/100க்குப் பதில் 1/000. நூறில் ஒன்று என்று சொல்லவேண்டிய காசு பூஜ்யத்தில் ஒன்று என்று சொல்கிறது! அந்தக் காசும் கடைக்குப் போய் உப்பும் மாவும் வாங்கியிருக்கிறது.

நீங்கள் கும்பினிக் காசைக் குறிப்பிட்டதால் இதைச் சொல்லவேண்டும். செம்புக்கு அந்த நாணயசாலை படாத பாடு பட்டது. விலை ஏறியதால் சென்ட்டின் எடையை 1795 முடிவில் 13.48 கிராமிலிருந்து 10.89 கிராமாகக் குறைத்தார்கள். ஒரு வணிகக் கம்பெனி வெளியிட்ட செம்பு டோக்கன்களை வாங்கி, வெட்டிச் சிறிதாக்கி, அவற்றின்மேலேயே அரை சென்ட் அடித்தார்கள். 1795, 1797 அரை சென்ட்டுகள் சிலவற்றில் அடியிலுள்ள பழைய எழுத்து இன்றும் மங்கலாகத் தெரியும். பிறகு இங்கிலாந்தில் பர்மிங்ஹாமிலிருந்து மேத்யூ போல்ட்டன் அச்சடிக்காத வெறும் வில்லைகளாகச் செய்து பீப்பாய் பீப்பாயாகக் கப்பலில் அனுப்பினார். அதே போல்ட்டனின் சோஹோ ஆலையில்தான் சென்னை ராஜதானிக்கான 1803ஆம் வருடத்து இருபது காசும் அச்சானது. உங்கள் 1802 சென்ட்டின் செம்பும் அங்கிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். சென்னைக் காசு நீராவி இயந்திரம் அடித்தது. வட்டம் பிசகாது, விளிம்பு சீராக இருக்கும், ஆயிரம் காசை எடுத்தாலும் ஒன்றுபோல் இருக்கும். ஃபிலடெல்ஃபியாவில் நீராவி இயந்திரம் வந்தது 1836இல். அதுவரை ஆட்கள் திருகு இயந்திரத்தின் கையை இழுத்துத்தான் அடித்தார்கள். காசின் ஓரத்தைச் சுற்றியுள்ள பல்வரிசை ஒரு பக்கம் அகலமாக விழும், மறுபக்கம் காணாமலே போகும். ஒரே இடத்துச் செம்பு, இரண்டு விதமான பிறப்பு. எனக்குப் பிடித்தது கோணலாகப் பிறந்ததுதான், அதில் ஆளின் கை தெரிகிறது.

எங்கே படிப்பது என்று கேட்டிருந்தீர்கள். முதல் புத்தகம், அமெரிக்காவில் எல்லோரும் ‘ரெட் புக்’ என்று சொல்லும் வருடாந்தர நாணயக் கையேடு. எந்தப் பொது நூலகத்திலும் கிடைக்கும். முக்கிய வகைகளெல்லாம் அதில் உண்டு. அடுத்தது வில்லியம் ஷெல்டனின் ‘பென்னி விம்ஸி’, 1958இல் வந்தது. 1793 முதல் 1814 வரையிலான சென்ட்டுகளை அச்சு அச்சாகப் பிரித்து எண் கொடுத்தவர் அவர்தான். இன்று எல்லா அமெரிக்க நாணயங்களுக்கும் 1 முதல் 70 வரை தரம் போடுகிறார்களே, அந்த அளவுகோலும் அவர் இந்தச் செம்புக் காசுகளுக்காக உண்டாக்கியதுதான். இதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்: நியூயார்க்கிலுள்ள அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் தொகுப்பிலிருந்து நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் தரம் குறைந்தவற்றை வைத்துவிட்டார் ஷெல்டன். பின்னாளில் அது வெளிப்பட்டது. நம்பி உள்ளே விட்ட இடத்தில் செய்த திருட்டு. எனக்கு அதை மன்னிக்க முடிவதில்லை. புத்தகம் இல்லாமலும் முடிவதில்லை.

1816 முதல் வந்த சென்ட்டுகளுக்கு ஹோவர்ட் நியூகோம்ப் எழுதிய புத்தகம், அரை சென்ட்டுக்கு ரோஜர் கோஹன் எழுதியது. காசு கொடுத்து வாங்கும் முன் நியூமன் நாணயவியல் இணையதளத்துக்குப் போய்ப் பாருங்கள். செயிண்ட் லூயிஸில் வாஷிங்டன் பல்கலைக்கழகம் நடத்துவது, முழுக்க இலவசம். நூறு வருடத்து ஏலப் பட்டியல்கள் அங்கே இருக்கின்றன. நான் புத்தகத்தைவிட ஏலப் பட்டியலில்தான் அதிகம் கற்றேன். ஒரே வகைக் காசின் பத்துப் படங்களை வரிசையாகப் பார்த்தால் கண் தானாகப் பழகிவிடும். 1967இல் தொடங்கிய ‘எர்லி அமெரிக்கன் காப்பர்ஸ்’ என்ற சங்கம் இதற்கென்றே இருக்கிறது. ‘பென்னி வைஸ்’ அவர்களுடைய இதழ். சேர்ந்துவிடுங்கள். அவர்கள் தரம் பார்க்கும் முறை கறாரானது. உருவம் எவ்வளவு கூர்மையாக இருக்கிறது என்று முதலில் பார்த்து, பிறகு கீறல், அரிப்பு, நிறக்கேடு ஒவ்வொன்றுக்கும் கழிப்பார்கள்.

எடிசனில் இருக்கிற உங்களுக்கு இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. நியூயார்க் போகும் ரயில் மெட்ரோபார்க் தாண்டியதும் ராவே, கொஞ்ச தூரத்தில் எலிசபெத். மத்திய நாணயசாலை வருவதற்கு முன், 1786இல் நியூ ஜெர்சி மாநிலம் முப்பது லட்சம் செம்புக்காசு அடிக்க ஒப்பந்தம் கொடுத்தது. அந்தக் காசுகள் ராவேயிலும் அன்று எலிசபெத் டவுன் என்றிருந்த அந்த ஊரிலும் மாரிஸ்டவுனிலும் அடிக்கப்பட்டன. ஒரு பக்கம் குதிரைத்தலை, அதன் கீழே ஒரு கலப்பை. மறுபக்கம் கேடயமும் ‘ஈ ப்ளூரிபஸ் யூனம்’ என்ற லத்தீன் வாசகமும். அமெரிக்கக் காசில் அந்த வாசகம் முதன்முதலில் வந்தது இதில்தான். தேய்ந்த நியூ ஜெர்சிக் காசு இன்றும் எளிதில் கிடைக்கிறது. நீங்கள் இரண்டாவதாக ஒன்று வாங்குவதென்றால் அதையே வாங்குங்கள், வீட்டுப் பக்கத்தில் பிறந்த காசு.

ஆனால் உடனே வாங்காதீர்கள். ஆறு மாதம் இந்த ஒரு காசோடு இருங்கள். ஜோசப் மிக்லி என்று ஃபிலடெல்ஃபியாவில் ஒருவர் இருந்தார், இசைக்கருவிகள் செய்பவர். பையனாக இருந்தபோது தான் பிறந்த வருடத்துக் காசு ஒன்று வேண்டும் என்று தேட ஆரம்பித்தார். அவர் பிறந்தது 1799. இந்த வரிசையிலேயே கிடைக்க அரிதான வருடம் அது. அந்தத் தேடல் அவரை அந்த நாட்டின் முதல் பெரிய நாணயச் சேகரிப்பாளர்களில் ஒருவராக்கியது. அந்த 1799ஐத்தான் இன்று அதிகம் போலி செய்கிறார்கள், 1798இன் கடைசி எண்ணைத் திருத்தி. எடை சரியாக இருக்கும், செம்பு சரியாக இருக்கும், ஓர் எண் மட்டும் பொய். அச்சு வகை தெரிந்தவர்தான் பிடிக்கமுடியும். 1804 என்று போட்ட காசிலும் ஏமாற வாய்ப்புண்டு. பழைய அச்சுகளைக் குப்பையிலிருந்து எடுத்து, 1860 வாக்கில் நாணயசாலைக்கு வெளியே அடித்தவை அலைகின்றன. பின்பக்க அச்சு 1820ஆம் வருடத்தது!

ஆகவே பத்து மடங்கு லென்ஸ் ஒன்று, நகைக்கடைத் தராசு ஒன்று, இரண்டும் சேர்த்து ஒரு காசின் விலைகூட ஆகாது. பிளாஸ்டிக் உறையில் காசைப் போடாதீர்கள், மலிவான உறையிலிருந்து கசிவது செம்பைப் பச்சையாக்கும். பருத்தி உள்ளுறை வைத்த காகித உறை போதும். விளிம்பைப் பிடித்தே எடுங்கள்.

1802இல் 34 லட்சத்துக்கும் மேல் சென்ட் அடித்திருக்கிறார்கள், உங்களுடையது அரிய காசல்ல. ஷெல்டன் அதற்குக் கொடுத்த எண் எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன், ஆனால் சொல்லப்போவதில்லை. நீங்களே கண்டுபிடியுங்கள். 10.89 கிராமுக்கு எவ்வளவு குறைகிறது என்று நிறுத்துப் பாருங்கள். பின்பக்கத்தை மட்டும், மேலிருந்து விளக்குப் போடாமல் காலை வெயில் பக்கவாட்டில் விழும்படி வைத்து, இன்னொரு படம் எடுத்து அனுப்புங்கள். அந்தப் பின்னத்தின் கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எனக்குப் பார்க்கவேண்டும்.